விழுந்த பிறகு மறுபடி சேணத்தில்: சவாரி கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த சவாரிக் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை. ஒருமுறை விழுந்தாயிற்று, காயம் ஆறிவிட்டது, பயம் மட்டும் ஆறவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: கேண்டரில் (டிராட்டைவிட வேகமாக, தாவித் தாவி ஓடும் ஓட்டத்தில்) போகும்போது வளைவில் பக்கவாட்டில் சரிந்து விழுந்தேன். மூன்று வாரம் ஆகிறது. தோளில் சிராய்ப்பு, அவ்வளவுதான். "உடனே மறுபடி ஏறியிருந்தால் பயமே வந்திருக்காது" என்கிறார் பயிற்சியாளர். இப்போது குதிரையின் அருகில் போய் நின்றாலே கால் நடுங்குகிறது. நல்ல நேரத்தைத் தவறவிட்டுவிட்டேனா?

பதில்: இல்லை. 'விழுந்தவுடனே ஏறு' என்பது பழைய அறிவுரை, அதில் பாதிதான் சரி. விழுந்த அடுத்த சில நிமிடங்களுக்கு உடலில் அட்ரினலின் நிறைந்திருக்கும். உடைந்த எலும்புகூட அப்போது வலிக்காமல் போகலாம். தலையில் அடிபட்டிருந்தால் இன்னும் சிக்கல். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்வதே அடிபட்ட அந்த மூளைதான். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம் என்பார்களே, சுற்றி நின்றுகொண்டு 'ஏறு, ஏறு' என்பவர்கள் பல சமயம் அந்தக் குழியைத்தான் பறிக்கிறார்கள். காயமில்லை என்று உறுதியாகத் தெரிந்து, விழுந்தவரே விரும்பினால், ஏறி இரண்டு சுற்று நடையில் போய் இறங்குவதில் தவறில்லை. கட்டாயப்படுத்தி ஏற்றினால் அடுத்த வாரம் அவர் வராமலே போய்விடக்கூடும்.

இப்போது நீங்கள் முதலில் செய்ய வேண்டியது தைரியத்தைத் தேடுவதல்ல, ஏன் விழுந்தீர்கள் என்று கண்டுபிடிப்பது. காரணம் தெரியாத விழுகை மனதில் 'எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம்' என்றே பதிகிறது. காரணம் தெரிந்துவிட்டால் அதே பயம் ஓர் அளவுக்குள் அடங்கிவிடும்.

கேண்டர் வளைவில் பக்கவாட்டில் சரிவதற்கு வழக்கமான காரணங்கள் சிலவே. முதல் சந்தேகம் வயிற்றுவார் மீது (சேணத்தைக் குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை). சேணம் பூட்டும்போது பல குதிரைகள் வயிற்றுத் தசையை இறுக்கி, மூச்சைப் பிடித்து நிற்கும். ஐந்து நிமிடம் நடந்ததும் வார் இரண்டு துளை தளர்ந்துவிடும். அதனால்தான் பூட்டியதும் ஒருமுறை, ஏறும் முன் ஒருமுறை, ஐந்து நிமிடம் நடந்த பிறகு ஒருமுறை என மூன்று தடவை பார்க்கச் சொல்கிறோம். விழும்போது சேணமும் உங்களோடு சேர்ந்து சரிந்ததா என்று அப்போது பார்த்தவர்களிடம் கேளுங்கள்.

அடுத்தது அங்கவடி (பாதம் வைக்கும் வளையம்). அதைத் தொங்கவிடும் வார் இரு பக்கமும் ஒரே நீளமா? ஒரே எண் துளையில் மாட்டியிருந்தாலும், எப்போதும் இடப்பக்கமிருந்தே ஏறுவதால் இடது வார் நீண்டுபோயிருக்கும். இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். மூன்றாவது, நீங்களே வளைவுக்குள் சாய்ந்தீர்களா? உடலை உள்ளே சாய்த்தால் எடை முழுவதும் குதிரையின் உள்பக்கத் தோளில் விழும், குதிரையும் வட்டத்தைச் சுருக்கும், வெளிப்பக்கக் கால் அங்கவடியிலிருந்து நழுவும். நான்காவது தரை. ஈரமோ, ஆழமான மணலோ, வளைவு மிகச் சிறியதோ என்று பாருங்கள்.

காரணம் கிடைத்த பிறகு படிக்கட்டு போல ஒரு பட்டியல் எழுதுங்கள். குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்வது, கயிற்றில் பிடித்து நடத்துவது, சேணத்தில் அசையாமல் உட்காருவது, ஒருவர் பிடித்திருக்க நடை, தனியே நடை, பத்துக் காலடி டிராட் (நடைக்கும் கேண்டருக்கும் இடைப்பட்ட ஓட்டம்), ஒரு சுற்று டிராட், நேர்க்கோட்டில் ஆறு தாவல் கேண்டர், கடைசியாகக் கேண்டரில் வளைவு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து பத்துவரை பய மதிப்பெண் போடுங்கள். மூன்றிலிருந்து ஐந்துவரை உள்ள படியில்தான் வேலை. ஒன்றிரண்டு என்றால் கற்க எதுவுமில்லை. ஏழுக்கு மேல் போனால் மூளை எதையும் கற்காது, பயத்தை மட்டும் இன்னும் ஆழமாகப் பதித்துக்கொள்ளும். ஒரு படியிலேயே இருந்து மதிப்பெண் இரண்டு புள்ளியாவது இறங்கும்வரை அதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள், பிறகு நிறுத்துங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடினால் 'ஓடியதால் பிழைத்தோம்' என்பதுதான் பாடமாகப் பதியும். ஆகவே அப்படி உச்சத்துக்குப் போனால் முதலில் கீழ்ப்படிக்கு வந்து, அங்கே அமைதியானதும் இறங்குங்கள்.

ஒரே நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புதுக் குதிரை, புது மைதானம், புது வேகம் மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் எது பயமுறுத்தியது என்றே தெரியாது. ஆரம்பத்தில் இருபது நிமிடம் போதும், வாரம் இரண்டு மூன்று தடவை. மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் சவாரி செய்வதைவிட இது பல மடங்கு பயன் தரும்.

கேள்வி: விழும்போது ஹெல்மெட் தரையில் இடித்தது. வெளியே விரிசல் எதுவும் இல்லை. மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுங்கள். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு அடியை வாங்கி நசுங்குவதன் மூலம்தான் தலையைக் காக்கிறது. நசுங்கிய இடம் மறுபடி எழும்பாது, வெளி ஓட்டைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அடி படாவிட்டாலும் சுமார் ஐந்து ஆண்டில் மாற்றுவது நல்லது. புதிதாக வாங்கும்போது குதிரைச் சவாரிக்கான தரமுத்திரை இருக்கிறதா என்று பாருங்கள் (ஏ.எஸ்.டி.எம். எஃப்1163, பாஸ் 015, ஸ்நெல் இ2021 போன்றவை). சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஈடாகாது. சவாரி ஹெல்மெட் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் கிடைமட்டமாக உட்கார வேண்டும். வாரைப் பூட்டாமல் குனிந்து தலையை ஆட்டினாலும் விழக்கூடாது.

இன்னொன்று. ஹெல்மெட் இடித்தது என்றால் தலையும் இடித்தது என்றே கணக்கு. தொடர்ந்து வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், குழறும் பேச்சு, ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருத்தல், கை கால் மரத்துப்போதல், வலிப்பு என எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவை ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வரலாம். மூளை அதிர்ச்சி என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அறிகுறிகள் முழுதாக மறைந்து அவர் அனுமதி தரும்வரை ஏறவே கூடாது. முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: நடையில் எனக்குப் பயமே இல்லை. டிராட் தொடங்கியதும் உடம்பு கல்லாகிவிடுகிறது. நான் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறேனோ அவ்வளவு வேகமாக ஓடுகிறது குதிரை. வேண்டுமென்றே செய்கிறதா?

பதில்: வேண்டுமென்றே செய்யவில்லை, நீங்கள் சொன்னதைக் கேட்கிறது. பயந்த உடல் தன்னைச் சுருட்டிக்கொள்ளும். தோள் முன்னே வரும், முகவாய் இறங்கும், முழங்கால் இறுகும், குதிகால் மேலே போகும், கை எதையாவது பற்றும். நாற்காலியில் இப்படி உட்கார்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. குதிரைமேல் இவை ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. மேலேறிய குதிகால் விலாவில் படுவது 'போ' என்ற கட்டளை. முன்னே சாய்ந்த உடலும் அதையேதான் சொல்கிறது. இறுகிய கடிவாள வார் 'நில்' என்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டுக் குழம்பும் குதிரை, ஓடுவதையே பழக்கமாகக் கொண்ட பிராணி என்பதால் பெரும்பாலும் 'போ'வையே தேர்ந்தெடுக்கும்.

முழங்காலால் இறுக்குவதில் இன்னொரு கேடும் உண்டு. ஈரச் சோப்பை அழுத்திப் பிடித்தால் மேலே வழுக்கிக்கொண்டு போவதுபோல, முழங்கால் இறுக இறுக உங்கள் இருக்கை சேணத்திலிருந்து மேலே தள்ளப்படும். பிடிப்பு கூடியதாகத் தோன்றும், உண்மையில் குறைந்திருக்கும்.

உங்கள் பதற்றம் குதிரைக்குப் போய்ச்சேர்கிறது என்பதும் வெறும் நம்பிக்கையல்ல. சுவீடனில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், குதிரையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நான்கு முறை கொண்டுபோகச் சொன்னார்கள். நான்காவது முறை வழியில் ஒரு குடை திடீரென விரிக்கப்படும் என்று மனிதரிடம் மட்டும் சொல்லிவைத்தார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்பும் கூடியது, குதிரையின் துடிப்பும் கூடியது.

சரிசெய்ய மூச்சிலிருந்து தொடங்குங்கள். பயத்தில் எல்லோரும் மூச்சைப் பிடிக்கிறார்கள். நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. வெளிமூச்சு நீண்டால் இடுப்பு தானாகத் தளரும். எண்ணுவது மறந்துபோகிறதா, வாய்விட்டு ஏதாவது பாட்டுப் பாடுங்கள். பாடிக்கொண்டே மூச்சைப் பிடிக்க யாராலும் முடியாது. லாயத்தில் சிலர் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து கை. குதிரையின் கழுத்தில், தோள்மேட்டுக்கு (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) ஒரு சாண் முன்னால், ஒரு தோல்பட்டையைத் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். பழைய அங்கவடி வாரே போதும். சமநிலை தவறும்போது கடிவாள வாரை இழுக்காமல் இந்தப் பட்டையில் இரண்டு விரலைக் கோத்துக்கொள்ளுங்கள். குதிரையின் வாய் தப்பிக்கும், நீங்களும் நிமிர்ந்து உட்கார முடியும். இதைச் 'சின்னப்பிள்ளைப் பட்டை' என்று ஒதுக்குபவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். தேர்ந்த சவாரிக்காரர்களும் தடை தாண்டும்போது கட்டிக்கொள்கிறார்கள்.

பிறகு லஞ்சிங் வகுப்பு நான்கைந்து கேட்டு வாங்குங்கள். பயிற்சியாளர் நீண்ட கயிற்றில் குதிரையைத் தன்னைச் சுற்றி ஓட்டுவார். வேகமும் திசையும் அவர் பொறுப்பு, உட்காருவது மட்டும் உங்கள் பொறுப்பு. வட்டம் 18 முதல் 20 மீட்டர் விட்டம் இருக்கட்டும். சிறு வட்டம் குதிரையின் மூட்டுக்கும் கேடு, உங்களையும் வெளியே தள்ளும். கயிறு வாயிலுள்ள இரும்பில் அல்லாமல் மூக்குப்பட்டையில் மாட்டப்பட வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பாதி நேரத்தில் திசை மாற்றுங்கள். முதலில் நடையில் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுவது, தோள்களைச் சுழற்றுவது, ஒரு நொடி இரண்டு முழங்கால்களையும் சேணத்திலிருந்து விலக்கி விடுவது. இந்தக் கடைசிப் பயிற்சிதான் இறுக்கத்தை உடைக்கும். அதன்பின் பத்துக் காலடி டிராட், மறுபடி நடை, மறுபடி பத்துக் காலடி. ஓடத் தொடங்கிய குதிரையை நிறுத்த முடியுமா என்பதுதான் உங்கள் அசல் பயம். பத்துக் காலடிக்கொருமுறை நிறுத்தி நிறுத்தி அது முடியும் என்று உடம்புக்குக் காட்டுகிறீர்கள்.

தனியே ஓட்டும்போது குதிரை வேகம் பிடித்தால் வாரை இழுப்பதற்கு முன், டிராட்டின் அசைவுக்கேற்ப சேணத்தில் எழுந்து உட்காரும் தாளத்தை மெதுவாக்கிப் பாருங்கள். நீங்கள் அரை நொடி தாமதமாக உட்கார்ந்தால் பல குதிரைகள் தாமும் மெதுவாகிவிடும்.

கேள்வி: ஆறு வருடமாகச் சாதுவாக இருந்த குதிரை இரண்டு மாதமாகக் கேண்டர் கேட்டாலே பின்னங்காலைத் தூக்கி உதறுகிறது. அதில்தான் விழுந்தேன். "உன் பயத்தைப் புரிந்துகொண்டு ஏய்க்கிறது, கண்டிப்பாக இரு" என்கிறார்கள்.

பதில்: கண்டிப்பதற்கு முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சாதுவாக இருந்த குதிரை திடீரென மாறினால், வேறு காரணம் தெரியும்வரை வலி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வயிற்றுவார் இறுக்கும்போது காதை மடக்குகிறதா, கடிக்க வருகிறதா? ஏறும்போது நிற்காமல் நகர்கிறதா? முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் முதுகைத் தாழ்த்துகிறதா? ஒரு திசையில் மட்டும் உதறுகிறதா? சேணம் கழற்றிய பின் வியர்வைத் தடத்தின் நடுவே காய்ந்த திட்டுகள், அல்லது புதிதாக வெள்ளை முடி தெரிகிறதா? எல்லாவற்றையும் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகு, பல், குளம்பு, கால் மூட்டு, இரைப்பைப் புண் என்று அவர் வரிசையாகப் பார்ப்பார்.

சேணத்தை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். விரிப்பு இல்லாமல் வைத்து, ஒருவர் உட்கார்ந்த நிலையில், தோள்மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். அடியில் கையை விட்டுப் பாருங்கள். முன்னும் பின்னும் அழுத்தி நடுவில் வெற்றிடமாக இருந்தால் அது பாலம்போல் நிற்கிறது, எடை நான்கு புள்ளிகளில் குவியும். பின்புறம் கடைசி விலாவான 18-ஆவது விலாவைத் தாண்டக்கூடாது. ஆறு வருடத்தில் குதிரையின் உடல்வாகு மாறும். அன்று பொருந்திய சேணம் இன்றும் பொருந்தும் என்பதில்லை.

தீவனத்தையும் பாருங்கள். தானியம் கூடி, வெளியே அவிழ்த்துவிடும் நேரம் குறைந்திருந்தால், வலியே இல்லாமலும் இப்படி உதறும். அதற்கு மருந்து சாட்டையல்ல. தானியத்தைக் குறைத்து, ஏறுவதற்கு முன் சிறிது நேரம் ஓடவிடுவதே போதும்.

இவை எல்லாம் தெளிவாகும்வரை அந்தக் குதிரையில் கேண்டர் வேண்டாம். உங்கள் பயம் இந்த விஷயத்தில் சரியாகத்தான் சொல்கிறது. நடுவே வேறொரு வயதான, அனுபவமுள்ள குதிரையில் பழகுங்கள். அது தோல்வியும் அல்ல, துரோகமும் அல்ல. குதிரை குணமான பிறகும் முதல் சில கேண்டர் பயிற்சியாளரின் பொறுப்பு. அவர் ஏறி, அது உதறாமல் போவதை நீங்கள் கண்ணால் பார்த்த பிறகு ஏறுங்கள்.

கேள்வி: பதட்டம் தணிய, ஏறும் முன் தூக்க மாத்திரையில் பாதி போட்டுக்கொள்ளலாமா? நண்பர் ஒருவர் ஒரு மடக்கு மது போதும் என்கிறார்.

பதில்: இரண்டும் கூடாது. பயத்தைக் குறைக்கும் முன்பே அவை சமநிலையையும் அனிச்சைச் செயலையும் குறைத்துவிடும். சவாரியில் உங்களைக் காப்பாற்றுபவை அவை இரண்டுதான். வேறு நோய்க்காக மாத்திரை சாப்பிடுபவர்கள் மயக்கம், தூக்கம் வருமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

கேள்வி: மகளுக்குப் பதினொரு வயது. குட்டைக் குதிரையிலிருந்து விழுந்து ஒரு மாதம். "போக மாட்டேன்" என்கிறாள். கட்டாயப்படுத்தாவிட்டால் பயந்தாங்கொள்ளியாகிவிடுவாளோ என்று அப்பா கவலைப்படுகிறார்.

பதில்: முதலில் எதற்குப் பயப்படுகிறாள் என்று கேளுங்கள். விழுந்த வலிக்காகத்தான் என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிடுகிறோம். மற்றப் பிள்ளைகள் சிரித்ததும் பயிற்சியாளர் கத்தியதும்தான் காரணம் என்று பல பிள்ளைகள் சொல்லும். அப்படியானால் மாற்ற வேண்டியது வகுப்பை, பிள்ளையை அல்ல.

லாயத்துக்கு வரட்டும், ஏற வேண்டியதில்லை என்று சொல்லி அழைத்துப் போங்கள். தேய்ப்பது, குளம்பு சுத்தம் செய்வது, கயிற்றில் நடத்துவது. தன்னைவிடப் பெரிய பிராணி தன் கையசைவுக்கு நிற்பதைப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். பரிசு தருகிறேன் என்று ஆசைகாட்டாதீர்கள். பெரிய பரிசு என்றால் பெரிய ஆபத்து என்று பிள்ளை கணக்குப் போடும். ஏற விரும்பும் நாளில் ஒரு விதி வையுங்கள்: அவள் கையை உயர்த்தினால் குதிரையைப் பிடித்திருப்பவர் உடனே நிறுத்த வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. ஓரிரு முறை சோதித்துப் பார்ப்பாள். நிஜமாகவே நிற்கிறது என்று தெரிந்தபின் அந்தக் கையே அவளுக்குத் தேவைப்படாது.

காலணி, அங்கவடி அளவையும் பாருங்கள். பாதத்தின் அகலமான இடத்தைவிட அங்கவடி மொத்தம் இரண்டரை சென்டிமீட்டர் அகலமாக இருக்கட்டும். குறுகினால் சிக்கும், அதிகமானால் பாதமே உள்ளே நுழைந்துவிடும். குதி இல்லாத விளையாட்டுக் காலணி கூடவே கூடாது. பக்கவாட்டில் திறந்துகொள்ளும் பாதுகாப்பு அங்கவடி பிள்ளைகளுக்கு நல்லது. மார்பு, முதுகைக் காக்கும் உடற்கவசமும் போடட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பயந்தாங்கொள்ளி என்ற சொல்லை மட்டும் வீட்டில் யாரும் உச்சரிக்க வேண்டாம்.

கேள்வி: மைதானத்தில் சரியாக இருக்கிறேன். வெளியே பாதையில் போகும்போது ஒரு பிளாஸ்டிக் பை பறந்தது, குதிரை பக்கவாட்டில் எகிறி என்னைத் தள்ளியது. இப்போது வழியெங்கும் பிளாஸ்டிக் பையையே தேடுகிறது என் கண்.

பதில்: உங்கள் கண் தேடுவதால்தான் குதிரையும் தேடுகிறது. நீங்கள் உற்றுப் பார்க்கும் பக்கம் உங்கள் தலையும் தோளும் இடுப்பும் திரும்பும், மூச்சும் நிற்கும். போக வேண்டிய திசையில், இருபது முப்பது மீட்டர் தள்ளி ஒரு மரத்தையோ கம்பத்தையோ பார்த்துப் போங்கள்.

குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. அதனால் பக்கவாட்டிலோ பின்னாலோ ஏதாவது அசைந்தால் முதலில் விலகும், பிறகுதான் அது என்ன என்று பார்க்கும். விலகுவதை முழுதாக நிறுத்த முடியாது, சிறிதாக்க முடியும். சந்தேகமான பொருள் வருகிறதென்றால், குதிரையின் மூக்கைச் சற்று அந்தப் பொருளிலிருந்து அப்பால் திருப்பி, பொருளுக்கு எதிர்ப்பக்கத்துக் காலை விலாவில் வைத்துக்கொண்டே கடந்து போங்கள். பொருளை நோக்கித் தலையைத் திருப்பி நிறுத்தினால் பின்பாகம் சாலை நடுவே போகும். கிட்டே கொண்டுபோய் முகரச்செய்ய வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பத்து மீட்டர் தள்ளி அமைதியாகக் கடந்தால் அதுவே வெற்றி, அடுத்த முறை எட்டு மீட்டர்.

முதல் சில தடவை, பதறாத வேறொரு குதிரைக்குப் பின்னால் ஒரு குதிரை நீளம் விட்டுப் போங்கள். பலமான காற்றுள்ள நாட்களைத் தவிருங்கள்.

கையில் இரண்டு வித்தைகள் இருந்தால் வெளியே போகும் பயம் பாதியாகும். ஒன்று, அவசர நிறுத்தம். கடிவாளத்தின் ஒரு வாரைக் குறுக்கிப் பிடித்து அந்தக் கையைக் கழுத்தின்மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். மறு வாரை மேல்நோக்கிப் பின்னே இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து விட வேண்டும். தொடர்ச்சியாக இழுத்தால் குதிரை அதன்மேல் சாய்ந்துகொண்டு ஓடும். இடம் இருந்தால் பெரிய வட்டத்தில் திருப்பி மெல்ல மெல்லச் சுருக்குங்கள். முழு வேகத்தில் ஒரே வாரைச் சடாரென்று இழுத்துத் தலையை மடக்கினால் குதிரையே உருண்டு விழும்.

இரண்டாவது, அவசர இறக்கம். இரு கால்களையும் அங்கவடியிலிருந்து எடுத்து, முன்னே சாய்ந்து, இரு கைகளையும் கழுத்தடியில் ஊன்றி, வலது காலைப் பின்னால் சுழற்றித் தள்ளி, முகம் முன்னோக்க, முழங்கால் மடங்கக் குதிப்பது. நின்ற நிலையில் பத்துத் தடவை, பிறகு நடையில். தறிகெட்டு ஓடும் குதிரையிலிருந்து குதிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். அதில் உட்கார்ந்திருந்து வேகத்தைக் குறைப்பதே பெரும்பாலும் பாதுகாப்பு. விழுவது உறுதி என்றாகிவிட்டால் வாரை விட்டுவிடுங்கள், கையை நீட்டித் தரையைத் தடுக்காதீர்கள் (மணிக்கட்டும் காறையெலும்பும் அப்படித்தான் உடைகின்றன), சுருண்டு குதிரைக்கு எதிர்ப்பக்கம் உருளுங்கள்.

கேள்வி: எனக்கு 54 வயது. விழுந்து மணிக்கட்டு உடைந்து, கட்டுப் பிரித்து ஒரு மாதம். இனிமேல் தேவையா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பதில்: தேவையா என்பது உங்கள் முடிவு, முடியுமா என்பதற்கு மட்டும் நாங்கள் பதில் சொல்லலாம். கட்டுப் பிரித்ததும் எலும்பு சேர்ந்திருக்கும், பிடிவலிமை திரும்பியிருக்காது. வலியில்லாமல் இரு கைகளாலும் சம அளவில் பிடிக்க முடிகிறதா என்று இயன்முறை மருத்துவர் சொல்லும்வரை காத்திருங்கள். மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பு அடர்த்திச் சோதனை செய்துகொள்வது நல்லது. அந்த முடிவைப் பார்த்துதான் கேண்டரும் தடை தாண்டலும்.

காத்திருக்கும் வாரங்களில் தரையில் வேலை செய்யலாம். ஒற்றைக் காலில் முப்பது நொடி நிற்பது, முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாகத் தாழ்த்துவது. ஏறும்போது தரையிலிருந்து தாவாமல் ஐம்பது அறுபது சென்டிமீட்டர் உயரமுள்ள ஏறுபடியிலிருந்து ஏறுங்கள். உங்கள் மணிக்கட்டுக்கும் நல்லது, குதிரையின் முதுகுக்கும் நல்லது. குதிரை சற்றுக் குட்டையாக, நடை மென்மையாக இருக்கட்டும். இந்த வயதில் பெருமைக்காகப் பெரிய குதிரை வேண்டாம்.

கேள்வி: விழுந்து மூன்று மாதம். கனவில் அதே காட்சி. குளம்புச் சத்தம் கேட்டாலே வியர்க்கிறது.

பதில்: ஒரு மாதத்துக்கு மேல் கனவும் திடீர் நினைவும் விடாமல் வந்தால் அது சவாரிப் பிரச்சினை அல்ல, விபத்துக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். விபத்து நினைவுகளைக் கையாளத் தனியான, நன்றாகப் பலன் தரும் சிகிச்சைகள் உள்ளன. அதுவரை லாயத்தில் யாரும் உங்களை ஏறச்சொல்லி வற்புறுத்த இடம்கொடாதீர்கள்.

கேள்வி: தடை தாண்டும்போது குதிரை கடைசி நொடியில் நின்றது, நான் மட்டும் தாண்டினேன். இப்போது ஐம்பது சென்டிமீட்டர் தடையைப் பார்த்தாலும் குதிரை நிற்கிறது. முன்பு எண்பது தாண்டிய குதிரை.

பதில்: (நீங்கள் மட்டும் தாண்டியதை எழுதிய விதம் நன்றாக இருந்தது. சிரிக்க முடிகிறது என்றால் பாதி தேறிவிட்டீர்கள்.) குதிரைக்கு வலி எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டபின், உங்களைப் பாருங்கள். நின்றுவிடுமோ என்ற பயத்தில் சவாரிக்காரர் மூன்று தவறுகளைச் சேர்த்தே செய்வார். தடையின் அடியைப் பார்ப்பார், குதிரை எழும்பும் முன்னரே முன்னே சாய்வார், கடைசி இரண்டு தாவலில் காலைத் தளரவிட்டு வாரைப் பிடிப்பார். எடை தோளில் விழுந்த குதிரையால் முன்காலைத் தூக்க முடியாது. ஆகவே நிற்கிறது. நீங்கள் பயந்தது சரிதான் என்பதற்கு அது நிரூபணமாகிவிடுகிறது.

உயரத்தை மறந்துவிட்டுத் தரைக்குப் போங்கள். மூன்று கட்டைகளைத் தரையில் ஏறக்குறைய 1.3 மீட்டர் இடைவெளியில் போட்டு டிராட்டில் கடப்பது முதல் வேலை. குட்டைக் குதிரைக்கு இடைவெளியைக் குறைக்க வேண்டும். குதிரை கட்டையை இடித்துக்கொண்டே போனால் அளவு சரியில்லை, பத்துப் பத்து சென்டிமீட்டராக மாற்றிப் பாருங்கள். அது சலிப்பூட்டும் அளவுக்குப் பழகியபின், கடைசிக் கட்டையிலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் தள்ளி, நடுவில் நாற்பது சென்டிமீட்டர் உயரமுள்ள பெருக்கல்குறித் தடை ஒன்றை வையுங்கள். கட்டைகள் தாளத்தையும் தாவும் இடத்தையும் முடிவுசெய்துவிடும். 'எப்போது தாண்டும்' என்று நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, தடைக்கு அப்பால் உயரமான ஏதாவது ஒன்றைப் பார்த்து, நிமிர்ந்து உட்காருங்கள். குதிரை எழும்பும்போது அதுவே உங்கள் இடுப்பை மடக்கும், நீங்கள் மடக்காதீர்கள்.

அதுவும் பழகியதும் ஐந்தரை மீட்டர் தள்ளி இன்னொரு சிறு தடை. நடுவே ஒரே தாவல், யோசிக்க நேரமில்லை, இதுதான் இதன் பயன். நின்றுவிட்டால் அடிக்காதீர்கள், பக்கவாட்டில் ஓடவும் விடாதீர்கள். தடைக்கு நேராக நிறுத்தி, கட்டையைத் தரைக்கு இறக்கி, நடையிலேயே தாண்டவைத்து, மறுபடி ஏற்றுங்கள். ஒரு நாளில் எட்டுப் பத்துத் தாண்டலுக்கு மேல் வேண்டாம். நன்றாகப் போன தாண்டலோடு முடியுங்கள், 'இன்னும் ஒரே ஒருமுறை' என்று போவதில்தான் களைத்த குதிரை நிற்கும். உயரத்தை ஏற்றும்போது ஐந்து சென்டிமீட்டர் மட்டும், அதுவும் வகுப்பின் தொடக்கத்தில் பழைய உயரத்தை மூன்று முறை சுத்தமாகத் தாண்டிய பிறகு.